கத்தரிக்கு மண் அணைத்த நாள்

எங்கள் வீட்டில் கத்தரிக்காயைப் பற்றிப் பேசிய அளவுக்கு வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை. பேசியது முழுக்க அப்பா. வேலை செய்தது அம்மா.

வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டி உள்ளே போனால், மனைக்கல் நட்ட நிலங்களுக்கு நடுவே எங்கள் அரை ஏக்கர் மட்டும் பச்சையாகத் தெரியும். அப்பாவுக்குப் பாடியில் தொழிற்சாலை வேலை. காலை ரயிலில் போனால் இருட்டித்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விவசாயி. தண்ணீர் கட்டுவது, களை எடுப்பது, காய் பறித்துக் கோயம்பேட்டுக்கு வண்டி ஏற்றுவது எல்லாம் அம்மா. குனிந்து குனிந்து அவளுக்கு இடுப்பே போய்விட்டிருந்தது. நிலத்தை விற்றுவிட்டு அம்பத்தூர் பக்கம் போகலாம் என்று அவள் சொல்லும்போது மட்டும் அப்பாவுக்குக் காது கேட்காது.

எங்கள் மண்ணில் நூற்புழு இருந்தது. செடி நன்றாக வரும், பூக்கிற நேரத்தில் மஞ்சளாகி நின்றுவிடும். பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு. போட்ட பயிரெல்லாம் இப்படியே போக, கடைசியில் அப்பா இறங்கி வந்தார்.

"இந்த ஒரு வாட்டி பாப்போம்மே. இதுவும் பூட்ச்சுன்னா வித்துடலாம்."

அந்த ஒரு வாட்டிக்காகத்தான் ஒட்டுக்கட்டக் கற்றுக்கொண்டு வந்தார். சுண்டைக்காய் வேரை இந்தப் புழு ஒன்றும் செய்வதில்லையாம். சுண்டை நாற்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, கத்தரி நாற்றின் நுனியைச் சீவி அதில் செருகி, சின்ன கிளிப் ஒன்றைப் போட்டு நிறுத்துவார். கீழே சுண்டை, மேலே கத்தரி. அவற்றைப் பிளாஸ்டிக் தாள் மூடிய கூடாரத்தில் நிழலில் வைத்தார். ஒட்டிக்கொண்டு துளிர் விட்டதும் அவர் பண்ணிய அலட்டல் கொஞ்சமல்ல. தெருவையே கூட்டிவந்து காட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா டீ போட்டாள். கூடாரத்துக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நட்டு முடித்த அன்று சாப்பிடும்போது பாடம் நடந்தது.

"ஒட்டு மண்ணுல படவே கூடாது. பட்டுச்சுன்னா கத்திரித் தண்டு தானா வேர் உட்டுரும். அந்த வேர்ல புழு பூந்துரும். அப்பறம் சுண்டைய வச்சும் பிரயோஜனமில்ல."

அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே, "ஒட்டு எவ்ளோ ஒசரத்துல கீது?" என்றாள்.

"நாலு விரல்."

அம்மா கேள்வி கேட்டதே அவருக்குப் பெருமையாக இருந்தது.

செடி பிடித்ததும் அடியில் மண் அணைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காய் பாரத்தில் செடி சாயாமல் இருக்கும். இந்த முறை அது வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்தச் சமயம் பார்த்துத் தொழிற்சாலையில் ஆர்டர் குவிந்து, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகும்படி ஆயிற்று. எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாளில் அம்மா மண்வெட்டியோடு கழனியில் இறங்கினாள். நானும் போனேன். அவள் ஒரு செடி விடாமல் மண் அணைத்தாள்.

அப்பாவுக்கு ஞாயிறு திரும்பக் கிடைத்தபோது செடிகள் வெளுத்திருந்தன. மண்ணைக் கிளறினார். கத்தரித் தண்டு விட்ட வேர்களில் முடிச்சு முடிச்சாக இருந்தது.

"பழக்க தோசம்யா," என்றாள் அம்மா. "கை தானா அணைச்சிகினு பூட்ச்சு."

அப்பாவால் திட்ட முடியவில்லை. எங்கள் ஊரில் எந்தக் கையும் அதைத்தான் செய்திருக்கும். "நான் கூட இருந்து பாத்துருக்கணும்" என்று மட்டும் சொன்னார். சாகிறவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிலம் போனது. அம்பத்தூரில் எனக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைத்தது, அம்மாவுக்கு இடுப்பு நிமிர்ந்தது. குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் கசக்கிறது. அப்பா அம்பத்தூர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தொட்டிகூட வைக்கவில்லை.

அவர் போன பிறகு ஒருநாள், அன்று மண் அணைத்ததைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரிஞ்சுதான் போட்டேன். எத்தினி வருசம் சொன்னேன், கேட்டாரா உங்கப்பா?"

அன்று கழனியில் ஒவ்வொரு செடியிடமும் குனிந்து, தண்டின் மேல் நாலு விரலை வைத்து அளந்து பார்த்த பிறகுதான் அவள் மண்ணை இழுத்தாள். வரப்பில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா சொன்னதை அம்மா எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன்.