நான் பூட்ஸோடு புகுந்த புத்தாண்டு

எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு தனி மரியாதை இருந்தது. அப்பா வேலைக்கு வெளிக்கிடும்போது நான் அவர் எதிரே வரக்கூடாது. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு முழிவியளம் என்றால் முழிவியளம்தான். வாசலைத் தாண்டுகிறவர் முதலில் யார் முகத்தில் விழிக்கிறாரோ, அந்த முகம்தான் அன்றைய நாளுக்குப் பொறுப்பு. என் முகத்தில் விழித்துப் போன ஒரு நாள் அப்பா ஒற்றைக் கையுறையை மெட்ரோவில் தொலைத்தார். இன்னொரு நாள் மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கினார். வழக்கு அத்தோடு முடிந்தது, மேன்முறையீடு கிடையாது.

"டேய், அப்பா வெளிக்கிடுறார். அறைக்குள்ள நில்லு," என்பார் அம்மா. நான் முகம் சுருங்கி நின்றால் ஆறுதலும் சொல்வார். "உன்னில பிழை இல்லை ராசா. மூஞ்சையிலதான்."

அப்போது எனக்கு ஒன்பது வயது. மொன்ட்ரியாலில், கோட்-தே-நேஜ் பக்கம், ஒரு பழைய அடுக்குமாடியில் இருந்தோம். எங்களுக்கு நேர் கீழே ஒரு வியட்நாம் குடும்பம். மகன் துவான் என் வகுப்பு. அவன் அப்பாவை நான் அங்கிள் என்பேன். புவாண்ட்-கிளேரில் ஒரு கிட்டங்கியில் பெட்டி ஏற்றுகிற வேலை. மெலிந்த மனிதர், பேச்சுக் குறைவு. பேசினால் அவருடைய பிரெஞ்சு என் அப்பாவின் பிரெஞ்சை விட ஒரு படி மேல். அதாவது, தரையிலிருந்து ஒரு படி.

அவன் அம்மா, என் அன்ரி, அப்போது பிள்ளைத்தாய்ச்சி. துவானுக்குப் பிறகு வந்தவை வயிற்றில் தங்கவே இல்லை என்று அம்மா அப்பாவிடம் குசுகுசுத்ததை நான் கேட்டிருக்கிறேன். குசுகுசுத்தால்தானே கேட்கத் தோன்றும்.

பள்ளி நாட்களில் நான்தான் கீழே இறங்கித் துவானைக் கூட்டிக்கொண்டு போவேன். பனி கொட்டிய ஒரு காலை, அவர்கள் கதவு சற்றே திறந்திருந்தது. கையில் தடித்த கையுறை. ஆகவே காலால் தள்ளி, கோயில் மாடு போல நடுவீட்டுக்கே போய் நின்றேன்.

எல்லாரும் புது உடுப்பில் வாசலைப் பார்த்தபடி நின்றார்கள். அங்கிள் கோட்டும் டையும். அன்ரி பெரிய வயிற்றின்மேல் மஞ்சள் நீள அங்கி. படங்களுக்கு முன்னால் ஊதுபத்தியும் தோடம்பழங்களும். எல்லார் முகத்திலும் ஒரு சிரிப்பு, வேறு யாருக்கோ தயாரித்து வைத்தது. என்னைக் கண்டதும் அதை எங்கே இறக்கி வைப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

எனக்குப் பின்னால் ஒரு குண்டு மனிதர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பனி அள்ளும் லொறி வருகிற நாள். கார் நிறுத்த இடம் தேடித் தெருத் தெருவாகச் சுற்றியிருக்கிறார். என்னைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார், வாசலிலேயே நின்றுவிட்டார்.

அங்கிள்தான் முதலில் அசைந்தார். என் முன்னால் குனிந்து, ஒரு சிவப்புக் காசு உறையை இரண்டு கையாலும் பிடித்துத் தந்து, புத்தாண்டு வாழ்த்துச் சொன்னார். நான் மெர்சி என்று நன்றி சொன்னேன். என் பூட்ஸிலிருந்து பனி கரைந்து, பளபளவென்று துடைத்த தரையில் கறுப்பாக ஓடியது. அன்ரி துணி எடுக்கத் திரும்பினார். அங்கிள் சட்டென்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

போகிற வழியில் துவான் எல்லாம் சொன்னான். நாங்கள் கதைப்பது பிரெஞ்சில், தமிழில் எழுதினால் இப்படி வரும்.

"இண்டைக்கு எங்கட வருசப்பிறப்பு. முதல் ஆர் வீட்டுக்குள்ள வருகினமோ, அந்த வருசம் அவையை மாதிரித்தான் இருக்கும். உனக்குப் பின்னால வந்த அந்த மருந்துக்கடை அங்கிளை அப்பா எப்பவோ சொல்லி வைச்சவர். அவருக்கு நல்ல சுகம், வீடு நிறையப் பிள்ளையள். தங்கச்சி நல்லபடி பிறக்க வேணும் எண்டுதான்."

"அப்ப நான்?"

துவான் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். "நீ கணக்கில பெயில்."

"தண்ணியையாவது துடைச்சிருக்கலாமே."

"இண்டைக்குக் கூட்டித் துடைச்சா அதிட்டமும் வெளியில போயிடும்."

"நான் கொண்டுவந்த ஊத்தைத் தண்ணியில என்ன அதிட்டம்?"

"அதைத்தான் அப்பாவும் யோசிக்கிறார்."

அந்த வாரம் முடியுமுன் அன்ரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெண் குழந்தை, நாள் வருமுன்னே பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள், மூச்சுக்குக் குழாய் போட்டு வைத்திருக்கிறார்களாம். "கையளவு பிள்ளை. தப்புமோ தெரியேல்லை," என்றார் அம்மா. நான் பிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

எனக்குக் கணக்கு வராதென்று யார் சொன்னது? என் முகத்தை ஒரு தரம் கண்டதற்கு ஒரு கையுறை. ஒரு முழு வருடத்துக்குள்ளேயே பூட்ஸோடு புகுந்தால்? அம்மாவிடம் சொல்ல முடியாது. என் முகத்தின் வல்லமை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். குளியலறைக் கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டேன். கண்ணை மூடிக்கொண்டே பல் தீட்டினேன். பிரஷ் மூக்குக்குள் போனது தனிக் கதை.

அதன் பிறகுதான் அங்கிள் வரத் தொடங்கினார். பள்ளிக்கூட மணி அடித்தால் எதிர்ப் பக்க நடைபாதையில் நிற்பார். பூங்காவின் பனித்தளத்தில் நான் சறுக்கி விளையாடினால் பலகைத் தடுப்புக்கு வெளியே அவர் தொப்பி தெரியும். துவானை அல்ல, என்னையே பார்ப்பார். நான் தும்மினால் இரண்டடி முன்னால் வருவார்.

ஒரு பின்னேரம் எங்கள் கதவையே தட்டினார். நான் உடுப்பு அலுமாரிக்குள் பாய்ந்தேன். அவர் அப்பாவிடம் கேட்பது கேட்டது. பெடியன் சுகமா? சாப்பிடுகிறானா? காய்ச்சல் ஒன்றும் இல்லையே?

அவர் போனதும் அப்பா அம்மாவிடம், "இந்தாள் ஏனப்பா எங்கட பெடியன்ர காய்ச்சலை விசாரிக்குது?" என்றார்.

"பாவம், மனுசன் கலங்கிப் போய்த் திரியுது."

நேர்த்திக்கடனுக்கு விட்ட கடாவுக்கும் முதலில் நல்ல குழையாகப் பார்த்துத்தான் போடுவார்கள் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அம்மாவின் சேலைகளுக்கு நடுவே இருந்து நான் கடாவின் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். வியர்த்தது.

பிறகு அந்த நாள். துவான் தாயோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். பள்ளி விட்டு நான் தனியே வந்தேன். பள்ளி வாசலில் அங்கிள். நான் வேறு தெருவால் திரும்பினேன், அவரும் திரும்பினார். நான் விரைந்தால் அவரும் விரைந்தார். நான் ஓடினேன். "கவனம்! கவனம்!" என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். மூலைக் கடை வாசலில் பனி இறுகிக் கண்ணாடியாகிக் கிடந்தது. கால் மேலே போனது, முகம் கீழே வந்தது. முன்பல் பாதி உடைந்து, வெள்ளைப் பனியில் சிவப்பாகத் தெறித்தது.

அவர் முழங்காலில் விழுந்து என்னைப் பிடித்தார். இதோ கழுத்தை நெரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். தன் சால்வையால் என் வாயை அழுத்தினார். நான் அழத் தொடங்கினேன், அவர் முகம் வெளிறிப்போனது.

"வேண்டாம், வேண்டாம். அழாதே. இன்றைக்கு அழாதே," என்றார். பிறகு, ஒன்பது வயதுப் பொடியனிடம் பெரிய மனிதர் கேட்காத குரலில், "தயவுசெய்து, சிரி," என்றார்.

கடிக்க வரும் நாயைப் பார்த்துச் சிரிப்பது போல ஒன்று சிரித்தேன். அவருக்கு அது போதவில்லை. அந்த அதிகம் பேசாத மனிதர், நடுத்தெருவில், ஆட்கள் போகவர, மாறுகண் போட்டு, நாக்கை நீட்டி, காதுகளை இழுத்துக் காட்டினார். இரத்தமும் எச்சிலுமாக எனக்கு உண்மையாகவே சிரிப்பு வெடித்தது. அது அடங்கும்வரை மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, படிகளில் தடதடவென்று இறங்கினார்.

குழந்தையின் குழாயைக் கழற்றிப் பார்க்கிற நாள் அது. அவள் தானாகவே மூச்சு விட்டாள், பனி கரைந்த பிறகு வீட்டுக்கு வந்தாள். இப்போது என்னைவிட உயரம். அங்கிள் ஏன் என்னைத் தொடர்ந்தார் என்பதை, நாங்கள் மீசை வளர்த்த பிறகுதான் துவான் சொன்னான். "வந்த உன்னை மாத்தேலாது எண்டு அப்பாவுக்கு விளங்கிட்டுது. அதாலதான் உன்னைப் பழுதாகாமல் பாத்தவர். நீ விழுந்தா வருசம் விழுந்துடும் எண்டு."

அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? அம்மா என் உதட்டில் ஐஸ்கட்டி வைத்தபடி என்னையும் பனியையும் கனடாவையும் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலால் பார்த்தேன். கீழே அங்கிள் சால்வையும் இல்லாமல், வழுக்கி வழுக்கி, பஸ் தரிப்பிடத்தை நோக்கி ஓடினார். என்னைத் துரத்தி விழுத்திவிட்டு, அம்மாவிடம் அகப்படாமல் தப்பி ஓடுகிறார் என்று நினைத்தேன். அவர் பயந்து ஓடுகிறார் என்பது மட்டும் எனக்குச் சரியாகவே விளங்கியிருந்தது.