சாவி வெளியே வரட்டும்

காலை ஏழு இருபத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது ஓர் எருக்கஞ்செடி. அது தலைகீழாக நின்றது. தலைகீழாக இருப்பது நான்தான் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிறிய விமானம். ஆரல்வாய்மொழிக்கு வெளியே, காற்றாலை இறக்கைகளை லாரியில் கொண்டுவர நேராகப் போட்ட தார்ச்சாலை ஒன்று உண்டு. வானிலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் வேலைக்காக அனுமதி வாங்கி, அதை ஒரு வாரம் ஓடுபாதையாக்கியிருந்தார்கள். பத்திரிகையில் எழுதுவதற்காக நான் இடம் கேட்டு ஏறியிருந்தேன்.

மேலெழும்புவதற்காகப் பாதிச் சாலை ஓடிய பிறகும் வேகம் காட்டும் முள் அசையவில்லை. விமானி "வேண்டாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிரேக்கை மிதித்தார். கணவாய்க் காற்று பக்கவாட்டில் தள்ளியது. சாலை முடிந்த பிறகும் ஓடினோம். முன்சக்கரம் ஓடைப் பள்ளத்தில் இறங்க, விமானம் குப்புறக் கவிழ்ந்தது.

பெல்ட்டை அவிழ்த்ததும் கீழே விழுந்தேன். விமானியின் பெல்ட் பிய்ந்திருந்தது. வலது பாதம் பிரேக் மிதிகளுக்கிடையே நசுங்கிச் சிக்கியிருக்க, உடலின் எடை முழுவதும் அதில் தொங்கியது. அவர் அலறினார். நான் அவருக்கு அடியில் மண்டியிட்டு முதுகைக் கொடுத்தேன். அலறல் நின்றது. முதுகைச் சற்று விலக்கினேன். மறுபடி அலறினார். அதன்பின் நான் அசையவில்லை. மேலேயிருந்து பெட்ரோல் சொட்டி என் காலரை நனைத்தது.

உடைந்த கண்ணாடி வழியே பூட்ஸ் கால்கள் தெரிந்தன. பக்கத்துக் காற்றாலையில் வேலை பார்க்கும் டெக்னீஷியன்கள், நான்கு பேர். சாலையில் போனவர்களும் ஓடிவந்தார்கள்.

"பிடிங்கலே, தூக்கிருவோம்!"

"ஒருத்தனும் தொடாதீங்க." டெக்னீஷியன்களில் மூத்தவர் குனிந்து என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, சாவி எங்க?"

"இவருக்குக் கால் மாட்டியிருக்கு!"

"கேட்டுது. சாவிய உருவித் தாங்க. அதுக்குப் பொறவுதான் கை வைப்போம்."

காற்றாலையில் அப்படித்தான். இயந்திரத்தை நிறுத்திப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளாமல் ஒருவரும் கிட்டே போகமாட்டார்கள். இவர் விமானத்துக்கும் அதையே சொன்னார். அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

சாவி விமானியின் இடதுபுறம் இருந்தது. முதுகை எடுக்காமல் என் கை எட்டாது.

"எடுங்க சார்," என்றார் விமானி. "எடுத்துருங்க."

முதுகை எடுத்தேன். சாவி ஒரு முறை வழுக்கியது. திருப்பி அணைத்து உருவும்வரை அவர் அலறியது பள்ளத்துக்குள் எதிரொலித்தது. சாவியை வெளியே எறிந்துவிட்டு மறுபடி முதுகைக் கொடுத்தேன். மூத்தவர் அதைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

ஒருவர் வெட்டும் மெஷினோடு வந்தார். "அது வேண்டாம், பொறி பறக்கும். ஹாக்ஸாவ எடு," என்றார் மூத்தவர்.

கையால் அறுக்கும் சின்ன ரம்பம். மிதியின் இரும்புத்தண்டில் அது கீச்சிட்டது.

"இதுல அறுத்தா பொங்கலுக்குத்தான் முடியும், மக்கா."

"வாய் நல்லா அறுக்குது. கையும் அறுக்கட்டும்லே."

என் முதுகின்மேல் விமானியின் வயிறு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

"நீங்க வெளிய வந்துருங்க அண்ணாச்சி, இந்தப் பக்கமா வேற ஆளு நுழைஞ்சு தாங்கலாம்," என்று யாரோ சொன்னார்கள்.

"முடியாது," என்றேன். அதற்குள் முழங்கால்கள் மரத்துப்போயிருந்தன. ரம்பம் இழுபடும் ஒவ்வொரு முறையும் அவர் மூச்சு என் பிடரியில் பட்டது. நடுவில் சிறிது நேரம் அந்த மூச்சு பட்டதாகத் தெரியவில்லை. "சார்" என்று கூப்பிட்டேன். "இருக்கேன்" என்றார்.

எட்டு பதினொன்றுக்குத் தண்டு விலகியது. அவரை இழுத்தெடுத்த பிறகும் என்னால் நிமிர முடியவில்லை. என்னையும் இருவர் இழுத்தார்கள்.

விமானம் தீப்பிடிக்கவில்லை. விமானியின் வலது பாதத்தை அன்று மாலை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள்.