பொது ஃபோல்டரில் வைத்த கோப்பு

எங்கள் மென்பொருளின் இணைப்புக் கோப்பை அந்தக் கணினியில் எங்கே வைத்திருக்க வேண்டும்? எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரிலா, எங்கள் சொந்த ஃபோல்டரிலா? ஏழு வருடங்களாகிவிட்டன. இன்றும் எனக்குப் பதில் தெரியவில்லை.

அப்போது மதுரையில், நான்கு பேர் மட்டும் வேலை பார்த்த ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் இருந்தேன். மகளுக்கு எட்டு மாதம். தொழிற்சாலைகளின் சோதனை இயந்திரங்கள் காட்டும் அளவுகளைக் கணினிக்குக் கொண்டுவரும் மென்பொருளை நாங்கள் எழுதி விற்றோம். பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதுபவர்களும் அதைப் பயன்படுத்தலாம். அதற்குப் பாலம் போல நடுவில் ஒரு சிறு கோப்பு தேவை. அதைத்தான் இணைப்புக் கோப்பு என்றோம். மென்பொருளை நிறுவும் சிடியைத் தயாரிப்பது என் பொறுப்பு. எந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும்.

பைத்தானுக்கென்று ஒரு பொது ஃபோல்டர் உண்டு. அங்கே வைத்தால், அந்தக் கணினியில் யார் எழுதிய நிரலும் கோப்பைத் தானாகக் கண்டுகொள்ளும். எங்கள் ஃபோல்டரில் வைத்தால் பத்திரமாக இருக்கும், ஆனால் மற்ற நிரல்களுக்கு வழி சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர். புத்தகம் வாங்கித் தானாகவே பைத்தான் கற்று, எங்கள் இணைப்புக் கோப்பைக் கொண்டு தர அறிக்கை அச்சிடும் நிரல் ஒன்றை எழுதியிருந்தார். அவரை மனதில் வைத்துத்தான் பொது ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தேன். புதிய பதிப்பு வந்தாலும் அவர் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது. உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா, எளிதான வழியைப் பிடித்துக்கொண்டேனா என்றும் சில நாள் தோன்றும்.

ஆயுத பூஜைக்குள் புதிய பதிப்பு கணினியில் ஏறிவிட வேண்டும், விஜயதசமி அன்று அதில்தான் வேலை தொடங்க வேண்டும் என்று தொழிற்சாலை முதலாளி சொல்லிவிட்டார். பூஜையன்று காலை போய் நிறுவினேன். ஒரு வாஷரை வைத்துச் சோதித்துப் பார்க்க அரை மணி நேரம் தேவைப்பட்டது. அதற்குள் கணினியை அணைத்துத் துடைத்து, சந்தனக் கிண்ணத்தோடு அந்தத் தரம் பார்ப்பவரே வந்துவிட்டார்.

"பொட்டு வச்சாச்சு மேடம். இனி அதத் தொடக்கூடாது. அதுக்கு லீவு, எனக்குத்தான் லீவு இல்ல."

"அண்ணே, மௌசுக்கும் ஒண்ணு வைங்க. அதுதான அம்புட்டு வேலையும் பாக்குது" என்றார் பக்கத்தில் தரை கழுவிக்கொண்டிருந்தவர்.

சோதனை பாக்கி இருக்கிறது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பால் கட்டி வலித்தது. குழந்தை அழுதுகொண்டிருப்பாள். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவர் போன் செய்தார்.

"மேடம், அன்னிக்கு வந்தப்ப எதையும் மாத்துனீங்களா? ரீடிங் கொஞ்சம் கூடுதலா வருது."

"இல்லண்ணே. எங்க ஃபைலத்தான் வச்சோம்."

"சரிங்க மேடம். நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன் போல."

போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய இயந்திரம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதற்கு என்ன செய்வது என்று முந்தைய வருடம் என்னிடம்தான் கேட்டார். "அந்த இணைப்பு ஃபைல்லயே கழிக்கிறதுக்கு ஒரு வரி சேர்த்துக்கோங்கண்ணே" என்று சொன்னதும் நான்தான். பொது ஃபோல்டரில் இருந்த அந்தக் கோப்பின் மேல், எதுவும் கேட்காமல், என் சிடி புதிய கோப்பை எழுதிவிட்டது. அவர் சேர்த்த வரி போய்விட்டது. அளவு குறைந்து தேறாத வாஷர்கள்கூடத் தேறியவையாக அறிக்கையில் வந்திருக்கின்றன.

உடனே திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அதற்குள் வாஷர் வாங்கியவர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தொழிற்சாலை முதலாளி எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். பேசி முடித்த எங்கள் மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"அங்க தரம் பாக்குறவர் அவரா எழுதுன புரோகிராம்தான் காரணமாம். இனி கம்ப்யூட்டர் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாராம். நம்ம மேல ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல சார்" என்றேன்.

பிரசவ விடுப்பு முடிந்து சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலை போய்விடுமோ என்ற பயம். அடுத்த சிடியில், ஏற்கெனவே உள்ள கோப்பை யாராவது திருத்தியிருந்தால் நின்று கேட்கும்படி மாற்றினேன். ஏன் மாற்றினாய் என்று யாரும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு முன் அந்தத் தொழிற்சாலைக்குப் போனபோது அவர் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க மேடம். பாப்பா நடக்குதா?"

"பிடிச்சுக்கிட்டு நிக்கிறாண்ணே. நீங்க இப்ப எதுவும் எழுதுறீங்களா?"

"அதெல்லாம் விட்டாச்சு. அது படிச்சவங்க பாக்குற வேலை."

நான் பொறியியல் படித்தவள்.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. அந்த வேலையை விட்டு நான்கு வருடமாகிறது. அவர் இன்னும் பேக்கிங்கில்தான் இருக்கிறார் என்று அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் சொன்னாள். நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று பலமுறை கிளம்பி, போகாமல் நின்றிருக்கிறேன். தான் தவறு செய்யவில்லை என்று இத்தனை வருடம் கழித்துத் தெரிந்தால் அவருக்கு ஆறுதலாக இருக்குமா, இன்னும் வலிக்குமா? முதலில் அவரிடம் சொல்வதா, முதலாளியிடமா? இதைப் படிக்கும் நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு எழுதுங்கள்.