ஆர்டிஸ் கணக்கிலிருந்த இரண்டாவது பெயர்

ஆர்டிஸ் கிவாலின் வங்கிக் கணக்கில் அவர் மகன் பெயரைச் சேர்த்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டாம்.

வடக்கு டகோட்டாவில் எங்கள் ஊருக்கு இருக்கும் ஒரே வங்கியில் இருபத்தாறு வருடமாகக் கவுன்ட்டரில் நிற்கிறேன். ஆர்டிஸ் அதற்கும் முன்பிருந்தே வாடிக்கையாளர். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ஊரில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், என்னையும் சேர்த்து. கணவர் மிலோ தானிய லாரி ஓட்டினார். மாரடைப்பு வந்து ஒரு வசந்தகாலத்தில் போய்விட்டார். அதன்பிறகு ஆர்டிஸ் தனியாகத்தான் இருந்தார். வங்கி அட்டையை அவர் தொட்டதே இல்லை. மின்சாரம், எரிவாயு, காப்பீடு, தேவாலயம் என்று எல்லாவற்றுக்கும் செக்தான். ஒருமுறை எங்கள் தவறால் நாலு டாலர் குறைந்திருந்தது.

"நாலு டாலர்தானேம்மா, விடுங்க" என்றேன்.

"அப்ப உன் கைப்பையிலேருந்து எடுத்துக் குடு" என்றார். கொடுக்காமல் நகரவில்லை.

எழுபத்திரண்டு வயதில், ஒரு ஜனவரி மாதம், தபால் நிலைய வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். செக்கில் கையெழுத்துப் போட முடியவில்லை. ஒரே மகன் கர்ட் எழுபது மைல் தள்ளி எண்ணெய் வயல்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வந்து, அம்மாவுக்குக் குழாயோ கதவோ சரிசெய்து கொடுத்து, உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட பதார்த்தத்தை வயிறு முட்டச் சாப்பிட்டு, மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவான். அந்த முறை விடுப்புப் போட்டுவிட்டு வந்து அம்மாவை வங்கிக்கு அழைத்து வந்தான்.

செக்கில் கையெழுத்துப் போட மட்டும் ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கத் தனிப் படிவம் உண்டு. அதற்கு மேலாளரின் ஒப்புதல் வேண்டும். எங்கள் மேலாளர் அன்று உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போயிருந்தார். கூட்டுக் கணக்குப் படிவம் என் டிராயரிலேயே இருந்தது. எல்லாருக்கும் அதைத்தான் செய்கிறோம், இவருக்கும் செய்தால் என்ன என்று எடுத்து நீட்டினேன்.

"இதுல நான் பணக்காரனாயிட்டேனா, ட்ரூடி?" என்று கேட்டான் கர்ட்.

"உங்கம்மாவோட எரிவாயு பில் கட்டற அளவுக்கு ஆயிட்ட. போடுப்பா கையெழுத்து."

மூவரும் சிரித்தோம். அவனுக்குக் கடன் ஏதும் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி குளிரைப் பற்றி அரைமணி நேரம் பேசுவோம், அவரவர் கஷ்டத்தைப் பற்றி வாயைத் திறக்கமாட்டோம்.

கடன் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் லாரியிலிருந்து விழுந்து முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருக்கிறான். காப்பீடு பாதியைக்கூடத் தரவில்லை. மருத்துவமனை அந்தக் கடனை ஒரு வசூல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. வந்த கடிதங்களை எல்லாம் பிரிக்காமலே வண்டியில் போட்டு வைத்திருந்தான். அம்மாவிடம் முதுகு பிடித்துக்கொண்டது என்று மட்டும் சொல்லியிருந்தான்.

மணிக்கட்டு குணமான பிறகும் அந்தப் பெயர் கணக்கிலேயே இருந்தது. ஆர்டிஸும் கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை. இரண்டு வருடம் கழித்து ஓர் அக்டோபரில், மிலோவின் லாரியை விற்ற பதினோராயிரத்து நானூறு டாலரை அதில் போட்டார். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, பனி விழுவதற்குள் மாற்ற வேண்டும். கூரைக்காரருக்கு முன்பணமாகச் செக் கொடுத்தார். அது திரும்பி வந்தது.

அந்தச் செக்கை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். வரிசையில் ஆட்கள் இருந்ததால் குரலை உயர்த்தவில்லை.

"ட்ரூடி, செக் திரும்பி வந்திருக்கு. என் செக்கு!"

கணினியில் பார்த்தேன்.

"அம்மா, பணம் எங்கயும் போயிடல. நிறுத்தி வச்சிருக்காங்க. கோர்ட் உத்தரவு. கர்ட் பேருல."

"அவன் என்ன பண்ணான்?"

"ஆஸ்பத்திரிக் கடன் கட்டலயாம்."

"அவன் கடனுக்கு என் பணத்த எதுக்குப் புடிக்கறாங்க?"

"கணக்குல ரெண்டு பேரு பேரும் இருக்கே. ரெண்டு பேரோடதுன்னுதான் பாப்பாங்க."

"நீ அத அன்னிக்குச் சொல்லவே இல்லயே."

"சொல்லல" என்றேன்.

பணத்தை மீட்க ஒரே வழிதான் இருந்தது. அந்தக் கணக்கில் கர்ட் போட்டது எதுவுமில்லை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நவம்பரில் விசாரணை. கணக்கு விவரங்களை எடுத்துக்கொண்டு வங்கி சார்பில் நான் போனேன். கர்ட் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். வசூல் நிறுவனத்தின் வக்கீல் சின்னப் பெண். ஒரு மரியாதைக் குறைவும் இல்லாமல்தான் கேட்டாள்.

"உங்க பேரு இருக்கற இந்த ரெண்டு வருஷத்துல, இந்தக் கணக்குல நீங்க எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"ஒரு தடவகூட?"

"ஒரு டாலர்கூட இல்லங்க."

"உங்கம்மாவுக்கு வேற ஏதாவது பண உதவி?"

கர்ட் என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்க்கவில்லை. "என்கிட்ட எப்பவும் இருந்ததில்ல" என்றான். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, உள்ளூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் முன்னால். அவன் குழாய் சரிசெய்ததையும் கதவு மாட்டியதையும் கேட்பார் இல்லை. அந்தப் படிவத்தை நீட்டிய என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

பணம் முழுவதும் ஆர்டிஸுடையது என்று தீர்ப்பாயிற்று. வெளியே வந்ததும், "ஜெயிச்சிட்டோம்டா!" என்று அவன் தோளைத் தட்டினார். அவன் தலையை ஆட்டிவிட்டு வண்டி ஏறினான். அந்த ஞாயிறு வரவில்லை, அடுத்ததும் வரவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. கூரை வேலை முடிந்தது. கிறிஸ்துமஸும் போயிற்று.

ஜனவரியில் ஆர்டிஸிடம் கெஞ்சினேன். "அம்மா, அந்தக் கடன் இன்னும் உயிரோடதான் இருக்கு. திரும்பவும் புடிப்பாங்க. இந்தக் கணக்க மூடிட்டு உங்க பேருல மட்டும் புதுசு தொடங்கலாம். பத்து நிமிஷ வேல."

"மூடாம, அவன் பேர மட்டும் எடுக்க முடியாதா?"

"முடியும். ஆனா அவனே வந்து கையெழுத்துப் போடணும்."

"அப்ப அப்படியே பண்ணு" என்றார். "பேங்க்லேருந்து கூப்பிட்டா வருவான். நான் கூப்பிட்டாத்தான் எடுக்கமாட்டேங்கறான்."

"அதுவரைக்கும் பணம் போனா?"

"போகட்டும்டி."

அவன் எண்ணுக்கு மூன்று முறை கூப்பிட்டுச் செய்தி விட்டேன், கடிதமும் அனுப்பினேன். வெள்ளிக்கிழமைகளில் ஆர்டிஸ் வந்து, ஜன்னலோரம் காப்பி வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பார். கர்ட்டுக்கு வெள்ளிக்கிழமைதான் வேலை சீக்கிரம் முடியும்.

பிப்ரவரி கடைசியில் தபாலில் ஓர் உறை வந்தது. பெயரை நீக்கச் சம்மதிக்கும் படிவம். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, முத்திரையோடு, எல்லாம் ஒழுங்காக. வயோமிங் மாநிலத்து முகவரி.

படிவத்தை ஆர்டிஸிடம் காட்டினேன். "நேர்ல வரணும்னியே?" என்றார்.

"நோட்டரி வச்சு அனுப்பினாலும் செல்லும்மா."

"அதையும் நீ சொல்லல."

"இல்ல."

"கவர்ல வேற ஏதாச்சும் இருக்கா, பாரு."

ஏற்கனவே பார்த்திருந்தேன். அவருக்காக இன்னொரு முறை உறையை விரித்துக் காட்டினேன். ஒன்றும் இல்லை. ஆர்டிஸ் உறையின் மூலையிலிருந்த முகவரியை ஒரு செக்கின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். "வயோமிங்கா? எப்பப் போனான்?" என்று கேட்டார். அவன் பெயரை நீக்கினேன், மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த வாரமே அவனுக்கு ஐம்பது டாலருக்கு ஒரு செக் எழுதி அனுப்பினார். அவன் அதைப் பணமாக மாற்றினால் பின்புறம் அவன் கையெழுத்து இருக்கும், அதைக் கணினியில் பார்த்துவிடலாம் என்று அவருக்குத் தெரியும். அதன்பிறகு வங்கிக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்விதான்.

"அந்த அம்பது வந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா."

ஆறு மாதம் தாண்டினால் செக்கை வங்கி ஏற்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் அதைச் சொன்னேன், இந்த முறை மறக்காமல். ஆர்டிஸ் கவுன்ட்டரிலேயே செக் புத்தகத்தைத் திறந்து, தேதியைக் கேட்டுக்கொண்டு, அதே ஐம்பது டாலருக்கு இன்னொன்று எழுதினார்.