பாக்கியநாதனின் வலது கை

வலது கையைப் பேண்ட் பெல்ட்டுக்குள் செருகிக்கொண்ட பிறகுதான் பாக்கியநாதன் பிரஸ் மெஷினை ஓட்டத் தொடங்குவார். "அடங்காத கை இது. கட்டிப் போட்டாத்தான் முழுசா ஊடு போய்ச் சேரும்" என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் தகட்டை வெட்டி வளைக்கும் பட்டறை. பிரஸ்ஸின் இருபுறமும் தோள் உயரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டன்கள். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருக்கும் இரும்பு இறங்கும். கைகள் இரண்டும் பட்டனில் இருந்தால் விரல் எதுவும் உள்ளே இருக்க வழியில்லை.

ஐம்பத்தேழு வயது பாக்கியநாதனுக்குப் போன மழைக்காலத்திலிருந்து வலது கை தோள் உயரத்துக்கு ஏறவில்லை. அந்தக் கை சோறு பிசையும், சட்டைக்குப் பொத்தான் போடும். சிலுவை போடப் போனால் மட்டும் நெற்றிக்கு எட்டாமல் நெஞ்சோடு நின்றுவிடும். வெளியே சொல்லவில்லை. இடுப்புவலி என்று சொன்ன, கூட வேலை பார்த்த அப்பாவுவை, "ரெஸ்ட் எடுங்க, கூப்புடறோம்" என்று அனுப்பினார்கள். இன்னும் கூப்பிடவில்லை.

ஆகவே ஓர் ஐஸ் குச்சி. வலப்பக்கத்துப் பட்டனை இடது கையால் அமுக்கி, இடுக்கில் பாதிக் குச்சியைச் செருகினால் அது மேலெழாது. பிறகு இடது கை ஒன்றே போதும். சும்மா இருக்கும் வலது கை, கோணிய தகட்டைச் சரிசெய்யப் பழக்கதோஷத்தில் உள்ளே போய்விடக் கூடாதே என்றுதான் பெல்ட். ஷிப்ட் முடிந்ததும் குச்சியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

அன்று ஷிப்ட் முடிகிற நேரத்தில், கூட வேலை செய்யும் பரசுராமன் பேத்தி பிறந்ததற்கு லட்டு நீட்டினான். தின்றுகொண்டே போய்க் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தவர் பையைத் தடவினார். குச்சி இல்லை.

"நிறுத்துப்பா! வண்டிய நிறுத்து!"

"இன்னா பெருசு, சோத்து டப்பாவ உட்டுட்டியா?" என்றார் டிரைவர்.

பாக்கியநாதன் அதற்குள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஷிப்ட்டுக்கு வந்த ரம்யா, வலது கையை உள்ளே விட்டுத் தகட்டை நகர்த்திக்கொண்டிருந்தாள். ஊன்ற இடம் தேடிய இடது கை பட்டனுக்கு அருகில் இருந்தது. ஒற்றைப் பட்டனால் என்ன ஆகிவிடும் என்ற நம்பிக்கை. பாக்கியநாதன் சிவப்பு சுவிட்சை ஓங்கி அறைந்தார். மெஷின் அடங்கியது.

"இன்னாண்ணா, பேயக் கண்ட மாறி நிக்கிற?"

அவருக்கு மூச்சு வாங்கியது. சத்தம் கேட்டு வந்த சூப்பர்வைசர் சரவணகுமார் வலப்பக்கத்துப் பட்டனை உற்றுப் பார்த்து, குச்சியைப் பிடுங்கினார்.

"யாருய்யா வச்சது இத?"

ரம்யா தன் விரல்களைப் பார்த்தாள். பக்கத்து மெஷின் அன்பு, பாக்கியநாதனை ஒருமுறை பார்த்துவிட்டு, "நைட்டு ஷிப்ட்டு பசங்களா இருக்கும் சார். அவனுங்களுக்கு இதே பொழப்பு" என்றான். சரவணகுமார் தலையாட்டப் போனார்.

பாக்கியநாதன் வலது கையைத் தூக்கினார். அது நெஞ்சோடு நின்றது. இடது கையை முழங்கைக்கு அடியில் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்.