மச்சாளின் பெயரில் எழுதிய கராஜ்

எங்கள் அண்ணர் கண்மூடி இன்றோடு முப்பத்தொரு நாள். துக்கத்தில் பங்கெடுத்த உறவினர்களும் நண்பர்களும் இந்த நினைவு மலரை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மூலையில் வைத்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும். இந்தக் கட்டுரையை மட்டும் வாசித்துவிட்டு வையுங்கள். தம்பியாகிய நான் உங்களிடம் கேட்கும் உதவி அதுதான்.

அண்ணர் பிறந்தது சித்தாண்டியில். அப்பா நேரத்தோடு போய்ச்சேர்ந்துவிட்டதால் படிப்பை இடையில் விட்டு எஞ்சின் வேலை பழகினார். வயல் வட்டைக்குள் நின்றுபோன உழவு இயந்திரத்தை ஒரு தரம் முடுக்கச் சொல்லி, சத்தத்தைக் கேட்டே எங்கே பிழை என்று சொல்லிவிடுவார். உன்னிச்சையிலிருந்தெல்லாம் ஆள் தேடி வரும். வெல்லாவெளியில் கல்யாணம் முடித்து, எங்கள் பகுதி வழமைப்படி மனைவியின், அதாவது எங்கள் மச்சாளின், வீட்டோடு போனார். வீடும் வளவும் மச்சாளின் பெயரில். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் ஆண்பிள்ளை உழைப்பான், காணி உறுதி பெண்பிள்ளையின் பெயரில் இருக்கும்.

பிறகு நாட்டு நிலைமை அண்ணரை ஐரோப்பாவில் ஒரு குளிர்நாட்டுக்குத் துரத்தியது. விசா கிடைத்ததும் மச்சாளும் பிள்ளைகளும் பின்னால் போனார்கள். அங்கே அகதியாக ஏற்றுக்கொண்டவர்களைத் தங்கள் நாட்டோடு சேர்த்துக்கொள்வதற்கென்று ஒரு திட்டம் இருந்தது. முதலில் மொழி வகுப்பு, அடுத்தது சமூகப் பாடம், அதன் பிறகு வேலைப் பயிற்சி. ஊரில் இருந்த எனக்கு முதல் நாளிலிருந்தே அதில் நம்பிக்கை இல்லை. அத்தனை வருடம் எஞ்சின் பிரித்துப் பூட்டிய மனிதனை வகுப்பு வாங்கில் இருத்தி, எந்தக் குப்பையை எந்த வாளியில் போடுவது என்று படிப்பித்தார்களாம்! அண்ணரின் கைவேலைக்குச் சான்றிதழ் இல்லை, ஆகவே அவர் தொழில் தெரியாதவர். பயிற்சி என்ற பெயரில் ஒரு கராஜில் மாதக்கணக்கில் தரை கழுவ விட்டார்கள். சும்மா கிடைத்த கூலியாள் என்று நான் அன்று சொன்னேன். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

அண்ணர் அப்படி நினைக்கவில்லை. "இல்லடா தம்பி, இந்தப் பொம்பிளை நல்லவ. மனசாரத்தான் செய்யிறா" என்பார். திட்டத்தில் அவருக்குப் பொறுப்பாக இருந்த அலுவலர் அம்மாவைத்தான் சொல்வது.

"சிரிச்சிச் சிரிச்சிக் கதைக்கிற ஆக்கள நம்பாதீங்க அண்ணன்" என்று நான் திருப்பிச் சொல்வேன்.

ஒரு நாள் பயிற்சிக் கராஜில் எவருக்கும் பிடிபடாத ஒரு லொறியின் கோளாறை அண்ணர் காதைக் கொடுத்துக் கேட்டே கண்டுபிடித்தார். அதைக் கேள்விப்பட்டு அந்த அம்மா ஒரு வழி சொன்னார். திட்டத்தை ஒழுங்காக முடித்தவர் சொந்தத் தொழில் தொடங்க விரும்பினால் நகரசபை இடம் கொடுக்கும், கருவிகளுக்கும் உதவும், விண்ணப்பியுங்கள் என்றார். அன்று தொலைபேசியில் அண்ணரின் குரலே வேறு. "எனக்கெண்டு ஒரு கராஜ் தம்பி. ஆருக்குக் கீழயும் இல்லாம!" அவர் தனக்கென்று ஆசைப்பட்டு நான் கண்டது அது ஒன்றைத்தான்.

விண்ணப்பத்தில் உரிமையாளர் பெயருக்கு ஓர் இடம் இருந்தது. அதில் மச்சாளின் பெயர் போடப்பட்டது.

நகரசபை அலுவலகத்திலிருந்து மச்சாளுக்கு அழைப்பு வந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்து, இந்தக் கராஜ் உங்களுடையதா என்று கேட்டிருக்கிறார்கள். மச்சாளுக்குப் பொய் சொல்ல வராது. "இல்ல, அது அவர்ட. பேர்தான் என்ட. எங்கட ஊரில எல்லாம் பொம்பிளையின்ட பேரிலதானே இரிக்கும்" என்றிருக்கிறார். இங்கே இதை எந்த வீட்டிலும் தலைநிமிர்ந்து சொல்லலாம். அங்கே கள்ளத்தை ஒப்புக்கொண்டதுபோல் எழுதிக்கொண்டார்கள். திட்டத்தை முடித்தவர் கணவர், உரிமை கேட்பவர் மொழிப் பரீட்சை எழுதாத மனைவி, ஆகவே இது எதையோ மறைக்க வைத்த பெயர் என்று தள்ளிவிட்டார்கள். திருத்தித் தருகிறோம் என்று அண்ணர் ஏறி இறங்கியும் பலனில்லை. சந்தேகக் கோப்புக்குள் போன பெயரை வெளியே எடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அந்த அலுவலர் அம்மாவும் வேறு பிரிவுக்கு மாறிவிட்டாராம். அவராக மாறினாரா, மாற்றினார்களா, மெல்ல ஒதுங்கினாரா? எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அதன் பிறகு அண்ணர் பிறருடைய கராஜ்களில் உதவியாளாகவே காலத்தைக் கழித்தார். சலித்து ஒரு சொல் சொன்னதில்லை. பிள்ளைகளை நன்றாகப் படிப்பித்தார். சிறுநீரகம் பழுதான பின், கடைசிக் காலத்தை ஊரில் கழிக்க வேண்டுமென்று வெல்லாவெளிக்கே திரும்பி வந்தார். மச்சாள் அவரைக் கைக்குழந்தைபோல் பார்த்தார்.

சொந்தக்காரர் நாங்கள் என்ன சொன்னோம்? "அவள்தான் வாயைக் குடுத்துக் கெடுத்தவள்." என் காதுபட எத்தனை தரம்! எட்டாம் நாள் செலவுச் சடங்கன்றுகூட அடுப்படி வாசலில் நின்று இரண்டு பேர் அதையே கதைத்தார்கள். மச்சாள் தேத்தண்ணித் தட்டோடு அவர்களைத் தாண்டிப் போனார். அவருக்குக் கேட்டது. நானும் பக்கத்தில்தான் நின்றேன், வாய் திறக்கவில்லை.

மேலே 'மச்சாளின் பெயர் போடப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். அது கோழை எழுதிய வசனம். போடச் சொன்னவன் நான்.

விண்ணப்பம் கையில் கிடைத்த அன்று அண்ணர் தொலைபேசியில் என்னிடம்தான் யோசனை கேட்டார். நான் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "அவனுகள நம்பி உங்கட பேரில போடாதீங்க. நாளைக்கு உங்களத் திருப்பி அனுப்பினா கராஜும் போயிரும். வீடு மச்சாள்ட பேரில, வளவு மச்சாள்ட பேரில. இதையும் அவட பேரிலயே போடுங்க."

"அந்த அம்மா என்ட பேரத்தானே போடச் சொன்னவ?"

"அதுதான் எனக்குச் சந்தேகம். அவ ஏன் அதில ஒத்தக் காலில நிக்கிறா?"

"சரிடா, நீ சொன்னாச் சரி" என்றார் அண்ணர்.

சிறுநீரக வருத்தத்தோடு படுக்கையில் கிடந்த நாட்களில் அவரிடம் கேட்டேன், ஏன் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை என்று. "ஊரில நாலு பேர் உன்னட்ட வந்து யோசனை கேக்கிறாங்க. அத என்ட வாயால கெடுக்கச் சொல்லுறியா?" என்றார். மச்சாளையும் சொல்லவேண்டாம் என்று தடுத்திருந்தார். என் மரியாதையைக் காப்பாற்ற அத்தனை வருடம் பழி சுமந்தது மச்சாள். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. அதையும் ஒளிக்கவில்லை. அந்தத் திட்டத்தை நான் இன்றும் நம்பவில்லைதான். ஆனால் அண்ணரின் கராஜைக் கெடுத்தது அவர்களுடைய சந்தேகம் மட்டுமல்ல, என்னுடையதும்தான்.

அச்சுக்குக் கொடுக்கமுன் இதை மச்சாளுக்கு வாசித்துக் காட்டினேன். "இதப் போடாதீங்க தம்பி, அவர் விரும்பமாட்டார்" என்று அழுதார். அண்ணரின் விருப்பத்தை நான் மீறுவது இதுதான் முதல் தடவை.

அண்ணரை வைத்தியசாலைக்கு ஏற்றி இறக்கிய அயலவர்களுக்கும், முகம் சுளிக்காமல் பராமரித்த தாதிமாருக்கும், பந்தலும் சமையலும் பொறுப்பெடுத்த வெல்லாவெளி உறவுகளுக்கும், கடல் கடந்து ஓடிவந்த நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. மச்சாளுக்கு நன்றி என்று எழுதக் கை வரவில்லை. அவரிடம் மன்னிப்புத்தான் கேட்கவேண்டும், கேட்டிருக்கிறேன். தருவதும் தராததும் அவர் விருப்பம்.

கராஜ் போன கதையை இனியும் கதைக்க விரும்புகிறவர்கள் வெல்லாவெளி அடுப்படியில் நின்று கதைக்க வேண்டாம். சித்தாண்டிக்கு வாருங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன். என் முகத்தைப் பார்த்துக் கதையுங்கள்.