சூமில் பிரசவப் பாடம்

பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுப்பது கையைப் பிடித்துச் செய்ய வேண்டிய தொழில். அதைத் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தே செய் என்றார்கள். கண்டியில் மருத்துவமாது மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். முதலில் தொற்று வந்து வகுப்பை மூடினார்கள். பிறகு பெட்ரோல் இல்லாமல் மூடினார்கள். இரண்டு தடவையும் சூம்தான். கறுப்புக் கட்டங்களோடு பேசிப் பழகிய ஆசிரியர்களே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தொட்டிக்குப் பக்கத்தில்

கலா, ஹுன்னஸ்கிரிய பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை. பிறந்த குழந்தை மூச்சுவிடாவிட்டால் என்ன செய்வது என்று அன்று பாடம். துணிப்பொம்மையை வைத்து ஒவ்வொருவராகச் செய்துகாட்ட வேண்டும். கலா கேமராவைத் திறந்தாள். பின்னால் மூடுபனி, தேயிலை, ஒரு தண்ணீர்த்தொட்டி. தோளில் குடையை இடுக்கிக்கொண்டு பொம்மையின் நெஞ்சை அழுத்தினாள். குடை சரிந்து தலையெல்லாம் மழை.

"வீட்டுக்குள்ள போய்ச் செய்யம்மா," என்றேன்.

"உள்ள போனா நீங்க போயிருவீங்க மிஸ்."

அன்பளிப்பு

வசதியில்லாத பிள்ளைகளுக்கு யாரோ புண்ணியவான்கள் டெப் என்கிற கையடக்கக் கணினி கொடுத்தார்கள். மாலை, உரை, படம் எல்லாம் முறையாக நடந்தது. மறுவாரம் வகுப்புக்கு வந்தவர்கள் பழைய ஆட்கள்தான். டெப் வாங்கிய ஒருத்தியைப் போனில் பிடித்துக் காரணம் கேட்டேன்.

"டெப் நல்லா இருக்கு மிஸ். டவர் எப்ப தருவாங்க?"

கடைப் போன்

ரிஃப்காவின் வீட்டில் இருந்தது ஒரே போன். அது பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் அவளுடைய வாப்பாவுடையது. கடையின் பின்பக்கம் உட்கார்ந்துதான் படித்தாள். ஒருநாள் பிரசவ வலியின் கட்டங்களை விளக்கிவிட்டு, அவள் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டேன். பதிலுக்கு ஆணி நிறுக்கும் சத்தம். பிறகு ஒரு ஆண்குரல், மிகுந்த மரியாதையோடு:

"மகள் தொழப் போயிருக்கா மிஸ். நீங்க நிப்பாட்ட வேணாம், நான் கேட்டு வைக்கிறேன்."

யாருடைய லைன்?

வாய்மொழிப் பரீட்சை எடுக்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். இணைப்பு அறுந்தால் அந்தப் பிள்ளை ஃபெயில் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நாவலப்பிட்டியிலிருந்து சுமதி திரையில் வந்தாள். அவளுடைய தோட்டத்திலிருந்து முதல் ஆளாக இந்தப் படிப்புக்கு வந்தவள். தவறினால் வீட்டில் மறுபடி விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் கேள்வியை ஆரம்பித்தார். திரை இருண்டது. மின்விசிறியும் நின்றது. கரண்ட் போனது எங்கள் கட்டடத்தில்.

என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். "மிஸ், சேர் கட் ஆகிட்டாரு. நான் இருக்கேன்," என்றாள் சுமதி.

டாக்டர் போனைத் தன் பக்கம் இழுத்து, "பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிக்கேல்லை. என்ன செய்வீங்கள்?" என்றார். சுமதி கர்ப்பப்பையைத் தேய்ப்பதில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பரீட்சையில் சித்தியடைந்தாள். வெளியே வந்து அழுதது நான். திரும்பி உள்ளே போனபோது டாக்டர் என் போனைக் கையில் வைத்திருந்தார்.

"மற்றப் பிள்ளையளையும் இதிலேயே எடுங்கோ. கரண்ட் வருமெண்டு காத்திருக்கேலாது."

அந்தப் பிள்ளைகள் இன்று வார்டுகளில் பிரசவம் பார்க்கிறார்கள், நான் மட்டும் நேரில் வருகிறவர்களிடமும் "என் சத்தம் கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.